பெயிண்ட் உதிர்ந்தால் நாதம் கூடுமா?

"பெயிண்ட் தேய்ந்தால் மரம் மூச்சு விடும்; பழைய பேஸ் கிட்டார்கள் நன்றாக ஒலிப்பது அதனால்தான்; ஆகவே தொழிற்சாலையிலேயே சுரண்டித் தேய்த்த புதியதற்குக் கூடுதல் விலை தரலாம்" என்கிறார்கள். தரக்கூடாது.

1. எலெக்ட்ரிக் பேஸிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போவது எது? கம்பியின் அதிர்வை பிக்கப்பின் காந்தமும் செப்புச் சுருளும் மாற்றித் தரும் மின்சாரம். அந்த வழியில் பெயிண்டுக்கு என்ன வேலை?

2. பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ், ஃப்ரெட் என்னும் உலோகப் பட்டைகள் இல்லாத தன் 1962 ஜாஸ் பேஸின் விரல்பலகைமேல் படகுக்குப் பூசும் கெட்டிப் பூச்சை ஏற்றினார். மரத்தின் மூச்சை அடைத்தார். அது பாடவில்லையா?

3. மோட்டவுன் இசை நிறுவனத்தின் பாடல்களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் நாதம் எங்கிருந்து வந்தது? மாற்றாமலே வைத்திருந்த தட்டைச்சுற்றுக் கம்பிகள், பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்ச், மீட்டிய ஒற்றை ஆள்காட்டி விரல். உதிர்ந்த பெயிண்ட் அல்ல.

4. பழையவை எல்லாம் நல்லவையா? மட்டமானவை எப்போதோ மூலைக்குப் போய்விட்டன. நல்லதை அதிகம் வாசித்தார்கள், அதனால் தேய்ந்தது. தேய்ந்ததால் நல்லதாகவில்லை. விளைவைக் காரணமாக்காதீர்கள்.

5. காதுக்குக் கேட்கும் தேய்மானம் உண்டு: ஃப்ரெட்டும் கம்பியும். பள்ளம் விழுந்த ஃப்ரெட் கரகரக்கும். வியர்வையும் அழுக்கும் ஏறிய கம்பி தன் பளிச்சென்ற மேல்சுரங்களை இழக்கும். காசை அங்கே போடுங்கள்.

முன்கை உரசி உரசி கிட்டாரில் விழும் தழும்பு, பல்லாண்டு உழைப்பின் அடையாளம். அதைக் கடையில் வாங்க முடியாது. வாசித்துத்தான் பெறவேண்டும்.