யார் சொன்ன பதில்?

"பத்து வரி எழுதினால் போதும், மாமா" என்றான் என் மருமான், போன மாதம் நான் புவனகிரி போயிருந்தபோது.

இணையப் பக்கங்கள் அமைத்துக் கொடுப்பது அவன் தொழில். யாரோ எழுதி வைத்திருக்கும் நிரல் தொகுப்பு ஒன்றை எடுத்துப் பக்கத்தோடு சேர்த்துவிட்டால், மூலையில் ஒரு சிறு வட்டம் முளைக்கிறது. 'வணக்கம், நான் உங்கள் உதவியாளர்' என்கிறது. அரை நாள் வேலை. கடைக்காரருக்குப் பரம திருப்தி.

எனக்குத் திருப்தியில்லை. காரணம், அவன் அம்மாதான்.

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. முதல் நாள்தான் ரத்தப் பரிசோதனைக்குச் சிதம்பரம் போயிருந்தாள். போகுமுன், பரிசோதனை நிலையத்தின் பக்கத்திலிருந்த உதவியாளரிடம் (அது இவன் வைத்ததல்ல) சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று கேட்டாளாம். 'தாராளமாக வரலாம்' என்று அழகான தமிழில் பதில் வந்தது. நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறி, வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனாள். வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கைப்பேசியைக் காட்டியதற்கு, "அது மிஷின் சொன்னதும்மா, நாங்க சொல்லலே" என்று பதில். இத்தனைக்கும் சரியான விவரம் அதே பக்கத்தின் அடியில் இருந்தது!

அதெப்படி என்று மருமானைக் கேட்டேன். அந்த வட்டம் வெறும் தபால்காரன்தானாம். கேள்வியை எங்கோ இருக்கும் ஒரு பெரிய மொழி இயந்திரத்துக்கு அனுப்பிப் பதிலை வாங்கி வரும். நிலையத்தின் விதிகளை யாரும் அதனிடம் எடுத்துக் கொடுக்காவிட்டால், பொதுவாகப் படித்ததை வைத்துப் பொருத்தமாகத் தோன்றும் சொற்களைக் கோத்துவிடும். தெரியாததை ஓர் ஆளிடம் தள்ளிவிடும்படி பழக்கலாம். ஆனால் அதற்குப் பத்து வரி போதாது. பத்து நாள் உட்கார வேண்டும். அதற்குக் கூலி கொடுப்பார் இல்லை.

அக்கா நம்பியது தவறா? 1960களில் அமெரிக்காவில் ஜோசப் வைசன்பாம் என்பவர் எலிசா என்ற உரையாடும் நிரலை எழுதினார். சொன்னதையே திருப்பிக் கேட்கும் எளிய நிரல்தான். அது தெரிந்தும் அவருடைய காரியதரிசி, தனியாகப் பேசவேண்டும் என்று அவரை அறையைவிட்டுப் போகச் சொன்னாராம்.

கனடாவில் பாட்டி இறந்த துக்கத்துக்குப் போன ஒருவரிடம், கட்டணச் சலுகையைப் பிறகும் கேட்டுப் பெறலாம் என்று ஏர் கனடா விமானக் கம்பெனியின் உதவியாளர் சொல்லிற்று. கம்பெனி மறுத்தது. சரியான விதி வேறொரு பக்கத்தில் இருக்கிறதே என்று வாதாடியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. உதவியாளரின் வார்த்தையும் கம்பெனியின் வார்த்தையே என்று சொல்லி, 800 டாலருக்குமேல் கொடுக்க வைத்தது.

இயந்திரமே கூடாது என்பவனல்ல நான். 2023 செப்டம்பரில் பி.எம். கிசான் திட்டத்துக்கு மத்திய அரசு வைத்த உதவியாளர், ஆரம்பத்திலேயே தமிழும் பேசியது. ஆங்கிலம் தெரியாத விவசாயி தன் பணம் என்ன ஆயிற்று என்று கேட்க முடிவது பெரிய சௌகரியம். ஆனால் வாசலில் ஒரு வாயை வைப்பவன், அது பேசுவதற்கெல்லாம் தானே ஜவாப்தாரி என்று ஒப்புக்கொண்டல்லவா வைக்கவேண்டும்?

"அந்த வட்டத்துக்குள்ளே மனுஷனோட போன் நம்பர் ஒண்ணு போட்டா என்னடா?" என்றேன்.

"கடைக்காரர் ஒத்துக்கமாட்டார், மாமா. போன் எடுக்கிற ஆளை நிறுத்தத்தானே இதை வைக்கிறார்!"

மறுநாள் காலை, காபிகூடக் குடிக்காமல், அக்கா மறுபடி சிதம்பரம் பஸ் ஏறினாள்.