புள்ளி போடப்படாத ஒரு வேலை

கைவேலை என்றதும் நம் வீடுகளில் மூன்று கருத்துகள் உடனே வரும். ஒன்று, "படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்கு?" இரண்டு, "இவ்வளவு வடிவாச் செய்றியே, வித்தால் காசு வருமே!" மூன்று, "பொம்புளப் புள்ளைக்கு நல்லது, போற வீட்டுக்கு உதவும்." கடந்த ஓராண்டாகக் குரோஷே பின்னலும் வேறு சில கைவேலைகளும் செய்துவரும் எனக்கு இம்மூன்றும் பலமுறை சொல்லப்பட்டுவிட்டன. சொன்னவர்கள் எல்லோரும் என்மீது அன்புள்ளவர்கள்தான். ஆயினும் மூன்றோடும் எனக்கு உடன்பாடில்லை. அதற்கான காரணங்களை நம் மாணவிகள் முன்னிலையிலும் பெற்றோர் முன்னிலையிலும் வைக்க விரும்புகிறேன்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை கிடைத்த மாதங்களில்தான் நான் இதைத் தொடங்கினேன். உம்மும்மாவின் பழைய பிஸ்கட் டின்னில் ஒரு கொக்கி ஊசி கிடந்தது. தலையணை உறைகளின் ஓரத்துக்கு அவர் ஒரு காலத்தில் ரேந்தை பின்னியவர். இப்போது விரல்கள் நடுங்குவதால் பின்னுவதில்லை. அவர் வாயால் சொல்லித் தந்ததையும் யூடியூப் காணொளிகளையும் சேர்த்துக் கற்றேன். ஓராண்டில் வாப்பாவுக்கு ஒரு தொப்பி, உம்மாவுக்கு ஒரு பை, தேநீர்க் கோப்பைகளுக்கான விரிப்புகள் ஆறு, பாதி முடிந்த ஒரு போர்வை ஆகியவை ஆகியுள்ளன. இவற்றோடு அரபு எழுத்தணியும் கொஞ்சம் பழகினேன். ஒரு கொப்பி நிறையக் கவிதைகள் எழுதினேன். கடதாசிச் சுருள் வேலையை இரண்டு வாரம் செய்து பார்த்து, பிடிக்காமல் விட்டுவிட்டேன்.

குரோஷே பற்றி அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். 'குரோஷே' என்பது பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கியைக் குறிக்கும் சொல். இரண்டு ஊசிகளால் பின்னும் கம்பளிப் பின்னலில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியிலேயே காத்திருக்கும். குரோஷேயில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் கொக்கியில் இருக்கும். அதனூடாக நூலை இழுத்தால் அடுத்த கண்ணி பிறக்கும். ஒரு கண்ணியை முடிக்காமல் அடுத்ததற்குப் போக வழியில்லை. ஐந்து பாடப் புத்தகங்களை ஒன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு எதையும் முடிக்காமல் தவிக்கும் நமக்கு இது நல்ல பாடம்.

தட்டையான ஒரு வட்டத்தைப் பின்னுவது எப்படி? நடுவில் ஆறு கண்ணிகள். அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அதற்கடுத்து பதினெட்டு, பின்பு இருபத்து நான்கு. ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கூட வேண்டும். வகுப்பில் நாம் படித்த கூட்டல் விருத்திதான் இது. ஆரை சம அளவில் கூடும்போது பரிதியும் சம அளவில் கூடுகிறது என்பதை என் மடியிலேயே கண்டேன். ஆறு கூட்டுவதை நிறுத்திவிட்டால் விளிம்பு கீழே மடிந்து கிண்ணம்போல் ஆகும். வாப்பாவின் தொப்பி அப்படித்தான் உருவானது. ஆறுக்கு மேல் கூட்டிக்கொண்டே போனால் துணி அலையலையாகச் சுருளும்.

அந்த அலைச் சுருளுக்குக் கணிதத்தில் ஒரு பெயர் உண்டு என்று பின்னர்தான் அறிந்தேன். லத்வியாவில் பிறந்த கணிதவியலாளர் டைனா தைமினா 1997இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் அதிபரவளைவுத் தளம் என்ற வடிவத்தைக் குரோஷேயில் செய்து காட்டினார். கடதாசியில் செய்த மாதிரிகள் எளிதில் கிழிந்தன. நூலில் செய்தவற்றை மாணவர்கள் கையால் தடவி, மடித்து, படித்தார்கள். கிழவிகளின் பொழுதுபோக்கு என்று தள்ளிவைக்கப்பட்ட வேலை, பல்கலைக்கழக வகுப்பறையில் விளக்கக் கருவியானது.

இனி முதலாவது கருத்துக்கு வருகிறேன். "படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்கு?" இக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. உயர்தரத்தில் ஒவ்வொரு மணித்தியாலமும் இசட் புள்ளியாகவே எண்ணப்படுகிறது. பாடசாலை முடிந்தால் பிரத்தியேக வகுப்பு, அது முடிந்தால் கடந்தகால வினாத்தாள். இதில் ஊசிக்கும் நூலுக்கும் ஏது நேரம்? நான் எடுப்பது இஷாவுக்குப் பின் அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்தை எடுத்துவிட்டால் அது புத்தகத்துக்குப் போகும் என்று பெற்றோர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது கைபேசிக்குத்தான் போகும். நம்மில் பலருக்கு இது தெரியும், சொல்லத்தான் தயக்கம். இரண்டு கைகளிலும் நூல் இருக்கும்போது கைபேசித் திரையைத் தள்ளிக்கொண்டிருக்க முடியாது. எழும்பும்போது தலை கனக்காது. மறுநாள் காலை இரசாயனவியல் கொப்பியைத் திறக்கும்போது அந்தத் தெளிவு கூடவே வருகிறது.

அதைவிட முக்கியமான இன்னொரு காரணமும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து நாம் செய்யும் எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் புள்ளி போடுகிறார். சித்திரத்துக்கும் புள்ளி, பேச்சுக்கும் புள்ளி, போட்டிக்கு எழுதும் கவிதைக்கும் புள்ளி. புள்ளி குறைந்தால் நாமே குறைந்துவிட்டதாக உணர்கிறோம். என் போர்வைக்கு யாரும் புள்ளி போடுவதில்லை. அது முதலாம் இடமும் பெறாது, கடைசி இடமும் பெறாது. ஒரு வேலையை அதன் நன்மைக்காகவே நன்றாகச் செய்வது எப்படி என்பதை நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

இரண்டாவது கருத்து, விற்பனை. உம்மாவுக்குப் பின்னிய பையைப் பார்த்த அயல்வீட்டு மாமி, "இன்ஸ்டாகிராமில் போடு மகள், ஓடர் வரும்" என்றார். சரி, கணக்குப் பார்ப்போம். அந்தப் பைக்குப் பதினைந்து மணித்தியாலம் சென்றது. மணித்தியாலத்துக்கு வெறும் நூறு ரூபா வைத்தாலும் கூலி மட்டும் 1500 ரூபா. நூலின் விலை வேறு. ஆனால் கடைகளில் குரோஷே பைகள் மலிவாகக் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். கம்பளிப் பின்னலுக்கு இயந்திரம் உண்டு. குரோஷேயை அதே விதமாகப் பின்னித்தரும் இயந்திரம் ஆலைகளில் இல்லை. ஆகவே கடையில் தொங்கும் உண்மையான குரோஷே ஒவ்வொன்றையும் எங்கோ ஒருவரின் கைதான் பின்னியிருக்கிறது. விலை மலிவு என்றால் அந்தக் கைக்குக் கிடைத்தது சொற்பம் என்றே பொருள். "இவ்வளவு விலையா?" என்று கேட்பதற்கு முன் இதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கைவேலையை விற்பது குறைவான காரியம் என்று நான் சொல்லவில்லை. 1840களின் பிற்பகுதியில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் வந்தபோது, பல குடும்பங்கள் குரோஷே ரேந்தை பின்னி விற்று உயிர் பிழைத்தன. நம் நாட்டிலும் மருதமுனையின் கைத்தறி எத்தனையோ வீடுகளின் அடுப்பை எரித்திருக்கிறது. காலி, வெலிகம பக்கங்களில் பீரளு ரேந்தை பின்னிய பெண்களின் உழைப்பும் அப்படியே. தேவைக்காகச் செய்பவர்களின் உழைப்புக்கு உரிய விலை கொடுக்க வேண்டும். ஆனால் பதினேழு வயதில் ஒரு பிள்ளை ஆசையோடு எதைச் செய்தாலும் அதை உடனே வியாபாரமாக்கச் சொல்வது சரியா? விற்கத் தொடங்கிவிட்டால் எனக்குப் பிடித்த நிறம் போய், வாங்குபவர் கேட்ட நிறம் வரும். நாள் குறிப்பார்கள். ஓய்வாக இருந்தது இன்னொரு பரீட்சையாகிவிடும்.

மூன்றாவது கருத்துதான் எனக்கு மிகவும் வருத்தமானது. நான் இரசாயனவியல் படித்தால் அது எனக்காக. பின்னல் படித்தால் மட்டும் அது போகப்போகும் வீட்டுக்காகவா? என் தம்பிக்குப் பத்து வயது. என்னருகில் இருந்து சங்கிலிப் பின்னல் பழகி, தன் திறப்புக்கு ஒரு கயிறு பின்னினான். வீட்டுக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். அவன் அதன்பின் ஊசியைத் தொடவில்லை. தறியில் ஆண்கள் நெய்கிறார்கள், தையற்கடையில் ஆண்கள் தைக்கிறார்கள். கூலி வரும்போது அது தொழில், கூலி வராதபோது அது பெண்பிள்ளை வேலை. இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

கையால் செய்வது சிறிய வேலை என்ற எண்ணம் நம் மரபிலும் இல்லை. பக்தாதில் அப்பாசிய ஆட்சியில் அமைச்சராக இருந்து 940இல் மறைந்த இப்னு முக்லா, அரபு எழுத்துகளுக்கு அளவு வகுத்தவராகப் போற்றப்படுகிறார். எழுதுகோலின் நுனியை அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியே அளவுகோல். அலிஃபின் உயரத்தை அத்தகைய புள்ளிகளால் எண்ணுவார்கள். ஓர் அமைச்சர் எழுத்தின் உயரத்தைப் பற்றிக் கவலைப்பட நேரம் ஒதுக்கியிருக்கிறார்! சூறதுந் நஹ்லின் 92ஆம் வசனத்தில், வாக்குறுதியை முறிப்பவர்களுக்கு உவமையாக, உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துப்போடும் ஒரு பெண் காட்டப்படுகிறாள். அவள் நூற்றது அற்பமானதாக இருந்தால், வாக்குறுதி போன்ற பாரமான ஒன்றுக்கு அது உவமையாகியிருக்குமா?

ஆகவே பெற்றோரிடம் என் வேண்டுகோள் இதுதான். பரீட்சை மாதத்தில் ஊசியை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், கேட்போம். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்துப் பூட்டிவிடாதீர்கள். உங்கள் மகள் ஒன்றைச் செய்து காட்டினால் விலையைக் கேட்பதற்கு முன், எப்படிச் செய்தாள் என்று கேளுங்கள். மகனும் கேட்டால் அவன் கையிலும் ஓர் ஊசியைக் கொடுங்கள்.

மாணவிகளே, உங்களுக்கும் ஒன்று. குரோஷேதான் வேண்டும் என்பதில்லை. பாயிழைத்தல், மருதாணி, தோட்டம், கதை எழுதுதல், எதுவானாலும் சரி. பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு இன்னொன்றைப் பாருங்கள். உங்கள் வீட்டு உம்மும்மாவிடம், மாமியிடம், என்ன வேலை தெரியும் என்று கேளுங்கள். அவர்கள் கைகளில் இருப்பதற்கு நூலகத்தில் புத்தகம் இல்லை. நம் பாடசாலையிலும் மாதம் ஒரு நாள், இடைவேளையில், பரிசும் சான்றிதழும் இல்லாமல் சேர்ந்திருந்து கைவேலை செய்ய ஒரு மூலை கிடைத்தால் நன்றாயிருக்கும். நூலும் ஊசியும் நான் கொண்டுவருகிறேன்.