நாளைக்கு என்று தள்ளலாமா?

கணிப்பொறியில் உள்ளவற்றை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுக்க மணிக்கணக்கில் ஆகிறது. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று எழுந்துவிடுகிறோம். இது முறைதானா?

1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறு பிரதி இருந்த நூல்களைத் தேடிப் பெறலாம். பிரதியே இல்லாத ஏடுகளை எங்கே போய்த் தேடுவது?

தாமதத்திற்குக் காரணங்கள் உண்டு. யு.எஸ்.பி. 2.0 இணைப்பின் உச்ச வேகம் வினாடிக்கு 480 மெகாபிட், 3.0 இணைப்பிலோ 5 கிகாபிட். பழைய இணைப்பில் செருகிவிட்டுப் புதிய டிஸ்க்கைக் குறை சொல்லலாமா? ஒரே பெரிய கோப்பைவிட, அதே அளவுள்ள ஆயிரம் சிறு கோப்புகளுக்கு நேரம் அதிகம். ஒவ்வொன்றுக்கும் டிஸ்க்கின் முனை இடம் தேடி நகர வேண்டுமன்றோ? ஆயினும் முதல் நகல்தான் நீளும். அடுத்த முறை முதல், மாறிய கோப்புகளை மட்டும் எடுக்கும்படி அமைத்தால் வேலை விரைவில் முடியும்.

ஓடைப்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என்னைப் போன்றோர்க்கு ஓராண்டு உழைப்பு முழுவதும் ஒரே கணிப்பொறியில் இருக்கிறது. அது போனால் மறு கணிப்பொறி வாங்கவே வழியில்லை. உழைப்பை எப்படி மீட்பது?

ஆகவே ஒவ்வொரு துறையும் வாரம் ஒரு நாள் நகல் எடுத்து, அந்த டிஸ்க்கை வேறு கட்டடத்தில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. எத்தனை பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கை வைக்காதவர்கள் நம் பெற்றோர். அவர்கள் பிள்ளைகளுக்குச் சில மணி நேரம் காத்திருப்பது பாரமா?