சரிவைக் கணித்தும் தோற்பவர்கள்

பங்குச் சந்தை புதிய உச்சத்தைத் தொடும்போதெல்லாம் ‘இனி இறக்கம்தான்’ என்ற பேச்சு வர்த்தகர்களிடையே எழுவது இயல்பு. பங்கு விலைக்கும் நிறுவனங்களின் லாபத்துக்கும் இடைவெளி கூடக்கூட, அந்தப் பேச்சுக்கு நியாயமும் கூடுகிறது. ஆனால், சந்தை இறங்கும் என்று கருதுவது வேறு. இத்தனை நாள்களுக்குள் இறங்கியே தீரும் என்று பணம் கட்டுவது வேறு. இந்தியாவின் சிறு வர்த்தகர்களில் பெரும்பாலோர் இரண்டையும் ஒன்றாகக் கொள்வதால், கணிப்பு பலித்த நாள்களில்கூடக் கைமுதலை இழக்கின்றனர்.

கையில் இல்லாத பங்கை முதலில் விற்று, விலை குறைந்த பின் வாங்கி ஈடுசெய்வது ‘ஷார்ட்’ அடிப்பது எனப்படுகிறது. ரொக்கச் சந்தையில் சிறு முதலீட்டாளர் இதை அன்றைக்கே முடித்தாக வேண்டும் என்பதால், இறக்கத்தை எதிர்பார்ப்பவர்கள் எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர, ஆப்ஷன் ஒப்பந்தங்களை நாடுகின்றனர். அவற்றுள் ‘புட் ஆப்ஷன்’ என்பது, குறித்த நாளில் குறித்த விலைக்கு விற்கும் உரிமை. இதை வாங்குபவர் ‘பிரீமியம்’ என்ற கட்டணத்தைச் செலுத்துகிறார். அவருடைய நட்டம் அந்தத் தொகையைத் தாண்டாது என்பதே இதன் கவர்ச்சி.

அந்தக் கவர்ச்சிக்குள் இருக்கும் கணக்கை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். நிஃப்டி குறியீடு 25,000 புள்ளிகளில் இருக்கையில், 24,800 என்ற நிலைக்கான புட் ஆப்ஷனை ஒருவர் 150 ரூபாய் பிரீமியத்தில் 75 அலகுகள் வாங்கினால், அவர் செலுத்துவது 11,250 ரூபாய். ஒப்பந்தம் முடியும் நாளில் நிஃப்டி 24,700-க்கு இறங்கினால், அவர் கணித்தபடியே சந்தை 300 புள்ளிகள் சரிந்திருக்கும். ஆனால், ஒப்பந்தத்தின் மதிப்பு அலகுக்கு 100 ரூபாய்தான் என்பதால், தரகும் வரியும் நீங்கலாகவே 3,750 ரூபாய் நட்டம். ஒப்பந்தத்தைக் கெடு வரை வைத்திருப்பவருக்கு, அந்த நாளில் நிஃப்டி 24,650-க்குக் கீழே இருந்தால் மட்டுமே லாபம்.

சரிவு வரும் என்ற அச்சம் பரவலாக இருக்கும்போது பிரீமியமும் ஏறிவிடுவது இன்னொரு சிக்கல். அடுத்த 30 நாள்களில் சந்தை எவ்வளவு ஏறி இறங்கும் என்ற எதிர்பார்ப்பை ஆப்ஷன் விலைகளிலிருந்து அளக்கும் ‘இந்தியா விக்ஸ்’ குறியீடு, 2024 மக்களவைத் தேர்தல் முடிவுகளை ஒட்டி உயர்ந்து, முடிவு தெரிந்த மறுநாளே செங்குத்தாக இறங்கியது. வாக்குக் கணிப்புகளை நம்பி ஜூன் 3 அன்று 2,500 புள்ளிகளுக்கு மேல் ஏறிய சென்செக்ஸ், ஜூன் 4 அன்று ஏறத்தாழ 4,390 புள்ளிகள் சரிந்து, ஜூன் 7-க்குள் இழந்ததை முழுவதும் மீட்டது. சரிவை எதிர்பார்த்திருந்தவர் 3-ஆம் தேதி ஏற்றத்தில் பயந்து வெளியேறியிருந்தாலும், 5-ஆம் தேதி வரை பேராசையோடு காத்திருந்தாலும், அவருடைய கணிப்பு சரியாக இருந்ததால் பயன் ஏதும் இல்லை.

சரிவு மெதுவாக வந்தாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. 2024 செப்டம்பர் இறுதியில் 26,200-ஐத் தாண்டிய நிஃப்டி, அக்டோபரில் மட்டும் வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் சுமார் 94,000 கோடி ரூபாய்ப் பங்குகளை விற்றதைத் தொடர்ந்து, அடுத்த மார்ச் தொடக்கத்தில் 22,100-க்கு அருகே வந்து நின்றது. இடையிடையே வந்த மீட்சிகள் வாரக் கெடு ஒப்பந்தங்களை வைத்திருந்தவர்களின் பிரீமியத்தைக் கரைக்கப் போதுமானவை. ஏற்றமும் நீண்ட இறக்கமும் சேர்ந்து அமைந்த அந்த 2024-25 நிதியாண்டில், எஃப் அண்ட் ஓ பிரிவில் ஈடுபட்ட தனிநபர்களுள் 91 சதவீதத்தினர் நட்டமடைந்ததாகவும், அவர்களின் நிகர நட்டம் 1.05 லட்சம் கோடி ரூபாய் என்றும் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கணக்கிட்டது. முந்தைய ஆண்டுகளுக்கான அதன் ஆய்வு, எதிர்ப்புறத்தில் லாபம் ஈட்டியவர்கள் பெரும்பாலும் கணினி நிரல்வழி வர்த்தகம் செய்யும் பெருநிறுவனங்களே என்பதையும் காட்டியது.

ஊக வாணிபத்தால் சந்தைக்குப் பயனே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. இறக்கத்தை எதிர்பார்ப்பவர்களும் களத்தில் இருந்தால்தான் மிகை விலைக்குக் கடிவாளம் கிடைக்கும். பெருமளவில் பங்கு வைத்திருப்பவருக்குப் புட் ஆப்ஷன் உண்மையான காப்பீடாகவும் அமைகிறது. காக்க வேண்டிய சொத்து இல்லாதவர் வாரந்தோறும் அந்தக் காப்பீட்டை வாங்கும்போதுதான் அது சூதாட்டமாகிறது. செபி 2024 அக்டோபரில் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தி, வாரக் கெடு ஒப்பந்தங்களை ஒவ்வொரு பங்குச் சந்தையிலும் ஒரு குறியீட்டுக்கு மட்டும் எனக் குறைத்தது சரியான திசையிலான நடவடிக்கையே. எனினும், பத்தில் ஒன்பது பேர் நட்டமடைகின்றனர் என்று தரகு நிறுவனச் செயலிகளில் தோன்றும் எச்சரிக்கை, விரல் நுனியால் ஒருமுறை தொட்டதும் மறைந்துவிடுகிறது. வருமானத்தையும் புரிதலையும் சோதித்த பிறகே ஆப்ஷன் வர்த்தகத்துக்கு அனுமதி என்ற நிலை வர வேண்டும். அதுவரை, சந்தை சரியும் என்று உறுதியாக நம்பும் சிறு முதலீட்டாளர் செய்யத்தக்கது, கடன் வாங்கிப் போட்ட பணத்தைத் திரும்ப எடுத்து, பங்குகளில் வைத்திருக்கும் தொகையைக் குறைத்துக்கொள்வது மட்டுமே.