இடம் இல்லையா, கணக்கு இல்லையா?

ஆடிப்பெருக்கு வந்தால் சிவகாசியில் புது வருஷ காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதற்கு முந்தின வாரம் ஒரு சின்ன டிசைன் கடையை நினைத்துப் பாருங்கள் மக்களே. வேலை தலைக்கு மேல். அப்போது பார்த்து கம்ப்யூட்டர் சொல்கிறது, ஹார்ட் டிஸ்க்கில் இடம் இல்லை!

உடனே என்ன நடக்கும்? புது டிஸ்க் வாங்க ஆள் ஓடும். இல்லை என்றால், கண்ணில் பட்ட பழைய ஃபோல்டரைத் தூக்கி எறிவார்கள். எது இடத்தை அடைக்கிறது என்று பார்க்காமல் வாங்குவது தண்டச் செலவு. பார்க்காமல் அழிப்பது அதைவிட மோசம். போன வருஷ டிசைனையே கேட்டு வியாபாரி வந்து நின்றால் எதைக் காட்டுவது?

ஒரு சின்ன கணக்கு. 20க்கு 30 இன்ச் சாமி படம், 300 டிபிஐ, நாலு கலர். 6000 × 9000, அதாவது 5.4 கோடி புள்ளி. புள்ளிக்கு 4 பைட் என்றால் சுருக்காமல் வைத்த ஒரு லேயருக்கே 216 எம்பி. அதையே "ஃபைனல்", "ஃபைனல் 2", "ஒரிஜினல் ஃபைனல்" என்று சேமித்துக்கொண்டே போனால் டிஸ்க் பாவம் என்ன செய்யும் :-)

லினக்ஸில் இதற்கு ரெண்டு கட்டளைகள் உண்டு. ரெண்டுமே 1971ல் யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே வந்தவை. (கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்டவும்.)

டிஎஃப் -ஹெச் : மொத்த டிஸ்க்கில் எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம்.

டியு -ஹெச் --மேக்ஸ்-டெப்த்=1 | சார்ட் -ஹெச் : ஒவ்வொரு ஃபோல்டரும் எவ்வளவு பிடித்திருக்கிறது. சிறிசு மேலே, பெரிசு கீழே. கடைசி வரி மொத்தம், அதற்கு முந்தின வரியில் இருப்பவர்தான் ஆசாமி! மறைந்திருக்கும் ஃபோல்டர்களும் இதில் மாட்டும்.

காமர்ஸ்காரர்களுக்கு இது புதுசே இல்லை. டிஎஃப் என்பது புத்தகத்தில் எழுதிய இருப்பு. டியு என்பது குடோனுக்குள் போய் சரக்கை எண்ணிப் பார்ப்பது. சில சமயம் ரெண்டும் டேலி ஆகாது. அழித்த ஃபைலை ஏதாவது ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருந்தால் டியு கணக்கில் அது வராது, டிஎஃப் மட்டும் இடம் போனதாகவே காட்டும். அந்த புரோகிராமை மூடினால் இடம் திரும்பி வரும். ஆடிட்டிங் பாடத்தில் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

2011ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பொருள் கைக்கு வந்தது. அதைக் கணக்குப் பார்க்கும் பழக்கம் எத்தனை பேருக்கு வந்தது? கல்லூரி லேபில் டேலி சொல்லித் தரும் நேரத்தில் பத்து நிமிஷம் இதற்கும் ஒதுக்கலாம். காசு செலவில்லை.

பட்டாசு குடோனில் லைசென்ஸ் அளவுக்கு மேல் சரக்கு வைக்கக்கூடாது, இருப்புப் பதிவேடு கட்டாயம் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். இருப்பை எண்ணத் தெரிந்த ஊர் டிஸ்க்கை மட்டும் எண்ணாமல் விடலாமா?