தொப்பைத் துரை

பரண் ஒழிப்பது லேசான காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்! ஒட்டடையும் தும்மலும் போதாதென்று, மறந்துபோன பழைய விஷயங்களெல்லாம் ஒவ்வொன்றாகத் தலையில் வந்து விழும். உத்தமபாளையத்தில், முல்லையாற்றுக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள என் பெரியம்மா வீட்டில் சென்ற மாதம் அப்படித்தான் ஆயிற்று.

சாக்கு மூட்டைக்குள்ளிருந்து ஒரு பித்தளைச் சாமான் வெளிப்பட்டது. கீழே பானை வயிறு; வயிற்றின் பக்கத்தில் ஒரு குமிழ்; நடுவே கண்ணாடிக் கூண்டு; உச்சியில் தொப்பி. சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பேரக் குழந்தைகள் அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு பெயர் சூட்டு விழாவே நடத்திவிட்டார்கள்.

"குட்டி ராக்கெட்!" என்றான் மூத்தவன். "காப்பி மிஷின்!" என்றாள் அடுத்தவள். ஆறு வயதுக் கடைக்குட்டி சற்று யோசித்து, "தொப்பைத் துரை!" என்றாள். முதல் நாள்தான் லோயர் கேம்ப்பில் பென்னிகுக் துரையின் மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். 1895-ல் பெரியாறு அணையைக் கட்டி முடித்தவர் ஒரு துரை என்று கேட்டது முதல், 'துரை' என்ற வார்த்தை அவளுக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. தொப்பையும் தொப்பியும் ஒருங்கே இருக்கும்போது மறுப்பதற்கு என்ன இருக்கிறது? அந்தப் பெயரே நிலைத்தது.

சத்தம் கேட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்தார். "அட, நம்ம கேஸ் லைட்டு!"

"கேஸா? சிலிண்டர் எங்கே, அப்பத்தா?" என்று குழந்தைகள் சிரித்தார்கள்.

உண்மையில் அந்தப் பெயரில் பிசகே இல்லை. வயிற்றில் மண்ணெண்ணெய் ஊற்றி, குமிழை இழுத்து இழுத்துக் காற்றடிக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் எண்ணெய் குழாய் வழியே மேலேறி, சூட்டில் ஆவியாகி, 'மாண்டில்' என்ற வலைப் பைக்குள் எரியும். எரிவது ஆவிதானே? அப்புறம் அது கேஸ் லைட் இல்லாமல் வேறு என்னவாம்?

மாண்டிலின் கதை இன்னும் வேடிக்கை. முதல் தடவை ஏற்றும்போதே பையின் நூல் எரிந்துவிடும். அதில் ஊறியிருந்த தோரியம், சீரியம் உப்புகள் வெள்ளைக் கூடாக நின்று, பளீரென்று ஒளிவிடும். ஆஸ்திரியாவைச் சேர்ந்த வெல்ஸ்பாக் என்பவர் கண்ட வித்தை இது. அதற்குத் தோரியம் வேண்டுமே! கயிற்று நாரோடு ஒட்டிக்கொண்டு போன மணலில் 1909-ல் அதன் தடயத்தைக் கண்டார், ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர். அப்புறம் என்ன? அன்று திருவிதாங்கூரிலிருந்த நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் கப்பலேறியது! (தோரியத்துக்கு லேசான கதிரியக்கம் உண்டு. பழைய மாண்டில் தூளைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.)

"சரி, அப்பத்தா, இதுக்குள்ளே என்ன ஊத்துவீங்க?" என்றான் மூத்தவன்.

பெரியம்மா தயங்கினார். "அதுதாம்ப்பா... அந்த எண்ணெய்."

"எந்த எண்ணெய், பெரியம்மா?" என்று நானும் விடாமல் கேட்டேன்.

மெல்ல விஷயம் வெளியே வந்தது. கல்யாணமான புதிதில், கூடம் நிறைய விருந்தாளிகள் இருந்தபோது, "கிருஷ்ணாயில் தீர்ந்துபோச்சு" என்றாராம். காலேஜில் படித்துக்கொண்டிருந்த கொழுந்தனார் விழுந்து விழுந்து சிரித்து, "அண்ணி, இன்னொரு தரம் சொல்லுங்க!" என்றாராம். அன்றிலிருந்து பெரியம்மாவுக்கு அது 'அந்த எண்ணெய்'தான். அறுபது வருஷமாக!

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெரஸின் ஆயில் அவர் காதில் கிருஷ்ணாயிலாக விழுந்ததில் என்ன குற்றம்? தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் அதுதான் அதன் பெயர். ஹரிக்கேன் லாந்தர் அரிக்கேன் விளக்காகவில்லையா? 'பிளஷர் கார்' வெறும் 'பிளசர்' ஆகவில்லையா? முன்பின் பார்த்திராத சாமான் வீட்டுக்குள் வந்தால், வாய்க்கு வந்த பெயரால்தானே கூப்பிட முடியும்?

"பெரியம்மா, இந்த விளக்குக்குக் கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் பெட்ரோமாக்ஸ். அது எப்படி வந்தது தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். பெர்லினில் விளக்குத் தொழிற்சாலை நடத்திய மாக்ஸ் கிரேட்ஸ் என்பவர் எந்நேரமும் மண்ணெண்ணெய் விளக்கு ஆராய்ச்சியிலேயே மூழ்கிக் கிடந்தார். கூட இருந்தவர்கள் கேலியாக 'பெட்ரோலியம் மாக்ஸி' என்று பட்டப்பெயர் சூட்டினார்கள். அந்தக் கேலிப் பெயரைத்தான் சுருக்கி விளக்கின் தலையில் கட்டினார்கள். ஆக, கடைக்குட்டி வைத்த பெயரும் சரியாகிவிட்டது; உள்ளே ஒரு துரை இருக்கத்தான் இருக்கிறார்!

பெரியம்மா சிறிது நேரம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"அப்படிச் சொல்லு! அந்த எண்ணெயை அவுக மாக்ஸு பேர்ல எழுதி வச்சாக. நான் கிருஷ்ணன் பேர்ல எழுதி வச்சேன். என் ஆளு பெரிய ஆளுதான?"

விளக்கைத் துடைத்துக் கூடத்து அலமாரியில் வைக்கச் சொன்னார். அப்போது குழந்தைகளிடம், தெருவுக்கே கேட்கும் குரலில் சொன்னார்:

"பத்திரம்டா! இந்தத் தொப்பைத் துரைக்குக் கிருஷ்ணாயில் ஊத்தித்தான் உங்க தாத்தா மாப்பிள்ளை ஊர்வலம் வந்தாக!"