இளைஞர் கையில் வானொலி

கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய பழைய வணிகப் பகுதியான மட்டாஞ்சேரி, செய்தியின் மதிப்பை நெடுங்காலமாக அறிந்த ஊர். 1568ஆம் ஆண்டில் எழுந்த யூதர் ஆலயமும், போர்த்துகீசியர் கட்டிப் பின்னர் டச்சுக்காரர் புதுப்பித்த அரண்மனையும் அங்கு உள்ளன. மிளகும் சுக்கும் ஏலமும் அடுக்கிய பண்டகசாலைகள் காயலின் கரையோரமாக வரிசையாக நின்றன. எந்தக் கப்பல் எப்பொழுது வரும், எந்தச் சரக்கு எங்கே என்ன விலைக்குப் போகிறது என்னும் தகவலே அவ்வணிகர்களின் முதலாக இருந்தது. இன்று அத்தகைய தகவல் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. ஆயினும் கைபேசியை ஓயாது பயன்படுத்தும் மாணவனிடம், அதில் வரும் குரல் எவ்வழியாக வருகிறது, எவ்வளவு தூரம் எட்டும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்று கேட்டால், விடை கிடைப்பது அரிது.

இக்கேள்வி வெறும் பாடப்புத்தகக் கேள்வியன்று என்பதற்கு மட்டாஞ்சேரிக்கு அருகிலேயே சான்று உண்டு. தோப்பும்படியில் உள்ள மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் விசைப்படகுகளில், கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களைச் சேர்ந்த தமிழ் மீனவர் பலர் தொழில் செய்து வருகின்றனர். 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் உருவானபோது, ஆழ்கடற் படகுகள் பல அதற்குப் பல நாள் முன்னரே கரையை விட்டுச் சென்றிருந்தன. புயல் எச்சரிக்கை கரையில் ஒலித்தது. நடுக்கடலில் இருந்தோரை அது எட்டவில்லை. இரு மாநிலங்களின் கடற்கரைக் குடும்பங்கள் பலவற்றில் தந்தையும் மகனும் திரும்பி வரவில்லை.

எச்சரிக்கை ஏன் எட்டவில்லை என்பது எளிய கணக்கால் விளங்கும். படகுகளில் வழக்கமாக உள்ள மிக உயர் அதிர்வெண் பேசுகருவி பெரும்பாலும் பார்வைக் கோட்டிலேயே செயற்படுவது. பூமி உருண்டையாதலின், 5 மீட்டர் உயரத்தில் உள்ள ஏரியலுக்கு வானொலி அடிவானம் சுமார் 9 கிலோமீட்டர் தூரத்தில் அமைகிறது. ஒரே உயரமுள்ள இரண்டு படகுகள் ஏறக்குறைய 18 கிலோமீட்டர் வரையில் பேசிக்கொள்ளலாம். கரையில் 50 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று இருப்பினும் தொடர்பு 40 கிலோமீட்டருக்குள் தளர்ந்து போகும். படகுகளோ கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் செல்கின்றன. ஒக்கிக்குப் பின் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் கருவிகள் மீனவருக்கு வழங்கப்பட்டு வருவது நன்று. எனினும் தன் தகப்பனாரின் படகில் உள்ள கருவி எவ்வளவு தூரம் எட்டும் என்பதைக் கடற்கரைப் பள்ளியில் பயிலும் ஒரு பெண்ணோ பையனோ அறிந்திருக்க வேண்டாமா? இவ்வறிவைச் சொற்பொழிவால் ஊட்டுதல் கடினம். கையால் செய்து பார்ப்பதால் ஊட்டுதல் எளிது. அதற்கு ஏற்ற கருவியாக அமெச்சூர் வானொலி இருந்து வருகிறது.

அமெச்சூர் வானொலி என்பது ஊதியத்துக்காகவோ வணிகத்துக்காகவோ அன்றி, பயிற்சிக்காகவும் ஆராய்ச்சி விருப்பத்தாலும் வானொலி நிலையத்தை நடத்தும் முறை. இதனை ஹாம் வானொலி என்றும் வழங்குவர். ஒவ்வொரு நிலையத்துக்கும் அரசினர் உரிமமும் தனி அழைப்புக் குறியும் உண்டு. இந்தியாவில் இதன் வரலாறு 1921ஆம் ஆண்டில் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா நடத்திய நிலையத்துடன் தொடங்குகிறது. சென்னையில் 1924ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31ஆம் தேதி அக்கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927ஆம் ஆண்டில் கழகம் ஓய்ந்தபோது, அதன் கருவிகள் சென்னை நகராண்மைக் கழகத்திடம் சேர்ந்தன. அக்கருவிகளைக் கொண்டே 1930ஆம் ஆண்டில் நகராண்மைக் கழகம் ஒலிபரப்பை மேற்கொண்டது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938ஆம் ஆண்டில்தான் பிறந்தது. ஆகவே தமிழ்நாட்டில் வானொலி அரசாங்க அலுவலகத்தில் பிறக்கவில்லை. ஆர்வமுள்ள சிலர் கம்பியும் சுருளும் கொண்டு தம் கையாலேயே செய்த முயற்சியில் பிறந்தது.

இவ்வுண்மை இன்று மறக்கப்பட்டு வருகிறது. அமெச்சூர் வானொலியை அறிமுகம் செய்வதாகக் கூறும் வகுப்புகள் பல, பரீட்சையிலிருந்தே தொடங்குகின்றன. விதிகளும் அதிர்வெண் அட்டவணைகளும் வினா விடைகளும் மாணவர்முன் வைக்கப்படுகின்றன. பரீட்சையில் தேறிய மாணவர், உரிமத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வேறு வேலை பார்க்கின்றனர். நீந்தத் தெரிந்தவருக்குத் தரவேண்டிய சான்றிதழை, தண்ணீரைத் தொடாதவருக்கு வழங்குவது போன்றது இம்முறை. பரீட்சை தேவையே, 12 வயது நிறைந்த சிறுவர் சிறுமியரும் அதற்கு அமர இடம் உண்டு என்பது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அது பயிற்சியின் முடிவில் வரவேண்டியது. முதல் நாள் காட்டவேண்டியது அன்று.

முதல் நாள் செய்யத்தக்கது யாது? ஒரு சிறிய மின்கலம், ஒரு மின்மணி, தகரத் துண்டை வளைத்துச் செய்த ஒரு சாவி, இரண்டு அறைகளுக்கு இடையே ஓடும் கம்பி ஆகியவை போதும். மார்ஸ் குறிகளில் தம் பெயரை அனுப்பிப் பெற்ற சிறுவர்க்குச் செய்தி என்பது குறிகளின் வரிசை என்னும் கருத்து உடனே பதிந்துவிடும். கம்பி வழியே நடைபெறும் இவ்விளையாட்டில் ஒலிபரப்பு ஏதும் இல்லை. ஆதலால் வானொலி உரிமம் தேவைப்படாது.

இரண்டாவது, மின்கலம் இல்லாமலே இயங்கும் படிக வானொலி. காகிதக் குழாயின்மீது எனாமல் பூசிய செம்புக் கம்பியைச் சுற்றி, அதனுடன் ஒரு கண்டென்சரும் ஜெர்மேனியம் டயோடும் இணைத்து, மெல்லிய மின்னோட்டத்துக்கும் ஒலி தரவல்ல ஹெட்போனைச் சேர்த்தால் கருவி முடிந்தது. மத்திய அலை நிலையம் ஒன்றின் ஒலிபரப்பு வலுவாக எட்டும் ஊர்களில் இது பேசும். அதற்கு வேண்டிய ஆற்றல் முழுவதும் காற்றின் வழியே வந்த அலையிலிருந்து கிடைப்பது என்று அறியும் கணத்தில், மாணவர் முகத்தில் தோன்றும் வியப்பை எந்தப் படமும் தோற்றுவிக்க இயலாது. மத்திய அலை நிலையங்கள் குறைந்து வருவதால், இதனைச் செய்ய விரும்பும் ஆசிரியர் தம் ஊரில் எந்த நிலையம் எட்டுகிறது என்பதை முன்னரே சோதித்துக் கொள்ளுதல் வேண்டும்.

மூன்றாவது, ஏரியல் செய்தல். ஒளி வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது என்பதை மனப்பாடம் செய்த மாணவர்க்கு, அவ்வெண்ணுக்கு உள்ள பயன் இங்குதான் புலப்படும். 145 மெகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 2 மீட்டர். அதில் பாதி 1 மீட்டர். தச்சர் பயன்படுத்தும் எஃகு அளவுநாடாவிலிருந்து இரண்டு அரை மீட்டர்த் துண்டுகள் வெட்டி எடுத்தால் ஓர் ஏரியல் உருவாகிவிடும். 7 மெகா ஹெர்ட்ஸுக்கோ ஏறக்குறைய 20 மீட்டர்க் கம்பி வேண்டும். அதற்குப் பள்ளி மைதானமே தேவைப்படும். அலையின் நீளத்தைக் காலால் நடந்து அளந்த மாணவர் அதனை மறப்பதில்லை.

நான்காவது, ஒளித்து வைக்கப்பட்ட சிறிய ஒலிபரப்பியைத் திசை அறியும் ஏரியலால் தேடிக் காணும் விளையாட்டு. இதற்கு 'நரி வேட்டை' என்று அமெச்சூர்கள் பெயரிட்டுள்ளனர். மட்டாஞ்சேரி போன்ற குறுகிய வீதிகளில் இது தனிப் பாடமாகவும் அமையும். பண்டகசாலைச் சுவர்களிலும் தகரக் கூரைகளிலும் அலை பட்டுத் திரும்புவதால், கருவி தவறான திசையைக் காட்டக்கூடும். ஓரிடத்து அளவை மட்டும் நம்பாமல், பல இடங்களில் நின்று அளந்து படத்தில் கோடு வரைந்து முடிவு செய்ய மாணவர் கற்பர். விஞ்ஞான முறை என்பது இதனின் வேறன்று.

ஐந்தாவது பயிற்சியே எல்லாவற்றிலும் இன்றியமையாதது. உரிமம் பெற்ற அமெச்சூர் இருவரின் உதவியை ஆசிரியர் நாடவேண்டும். ஒருவர் மட்டாஞ்சேரிக் கரையில் நிற்க, மற்றவர் எறணாகுளம் செல்லும் படகில் மாணவர் சிலருடன் அமர்வார். பேசுவோர் உரிமம் பெற்றவரே. மாணவர் ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் ஒலியின் வலிமையை வரைபடத்தில் குறித்துக்கொள்வர். ஏரியலைத் தாழ்த்தியும் உயர்த்தியும், கட்டடத்தின் பின்னால் மறைந்தும் வெளிப்பட்டும் சோதிப்பர். மாலையில் அவ்வரைபடத்தைச் சுவரில் மாட்டினால், கருவியின் எல்லை எது என்பது அனைவர்க்கும் தெரியும். கடற்கரைப் பிள்ளை ஒருவர் அப்படத்தைக் கண்டு, வீட்டில் உள்ளோரிடம் படகின் ஏரியல் எவ்வளவு உயரம் என்று கேட்பாரேயானால், பயிற்சி தன் நோக்கத்தை அடைந்துவிட்டது.

இவற்றுக்கு அப்பால் விண்வெளியும் எட்டாக் கனியன்று. 1983ஆம் ஆண்டில் அமெரிக்க விண்கலத்திலிருந்து ஓவன் காரியட் அமெச்சூர் வானொலியில் பேசினார். 2005ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ராக்கெட், ஹாம்சாட் என்னும் சிறிய செயற்கைக்கோளையும் ஏற்றிச் சென்றது. அதிலிருந்த இரு தொடர்புக் கருவிகளில் ஒன்றை நெதர்லாந்து நாட்டு மாணவர் ஒருவர் செய்திருந்தார். அச்செயற்கைக்கோள் 2014ஆம் ஆண்டு வரை உலகெங்கும் உள்ள அமெச்சூர்களுக்குப் பயன்பட்டது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து இந்திய மாணவருடன் அமெச்சூர் வானொலி மூலம் உரையாடினார். ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் அந்நிலையத்தின் ஒலி சில நிமிடங்களே கேட்கும். அது அணுகும்போது அதிர்வெண் ஏறியும் அகலும்போது இறங்கியும் தோன்றுவதை மாணவர் அறியலாம்.

கைபேசி இருக்கும்போது இவ்வுழைப்பு எதற்கு என்று கேட்போர் உளர். அக்கேள்வி நியாயமானதே. நாள்தோறும் செய்தி அனுப்புவதற்கு அமெச்சூர் வானொலி வேண்டுவதில்லை. ஆனால் கைபேசி, கோபுரமும் மின்சாரமும் நிலைத்திருக்கும் வரையே பேசும். 2004ஆம் ஆண்டு டிசம்பரில், ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமானில் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தது. அவர்கள் சென்றது உலக அமெச்சூர்களுடன் உரையாடும் பொருட்டு. 26ஆம் தேதி நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கி மற்றத் தொடர்புகள் அறுந்தபோது, அதே நிலையம் தீவுகளின் செய்தியைப் பெருநிலத்துக்கு அனுப்பும் வழியாக மாறிற்று. கருவி அங்கே இருந்தது தற்செயல். அதனைக் கையாளத் தெரிந்தோர் இருந்தது பல ஆண்டுப் பழக்கத்தின் பயன். கருவியை ஒரே நாளில் வாங்கிவிடலாம். பழக்கத்தை வாங்க இயலாது.

செலவு மிகுதி என்பது மற்றொரு தடை. ஒலிபரப்பும் நிலையம் அமைப்பதற்கு இது பொருந்தும். முதல் மூன்று பயிற்சிகளுக்குப் பொருந்தாது. அவற்றுக்கு வேண்டிய பொருள்களிற் பல பழுதடைந்த வானொலிப் பெட்டிகளிலிருந்தே கிடைக்கும். நிலையத்தைப் பள்ளிதோறும் அமைக்க வேண்டுவதில்லை. பல பள்ளிகள் ஒன்று சேர்ந்து ஒன்றைப் பகிர்ந்து கொள்ளலாம். சாரணர் இயக்கம் 1958ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் 'வானொலி ஜாம்பூரி'யில், உலகெங்கும் உள்ள சிறுவர் உள்ளூர் அமெச்சூர்களின் நிலையங்களுக்கே சென்று பேசுகின்றனர். இம்முறை ஏனைய பள்ளிகளுக்கும் ஏற்றது.

எச்சரிக்கை இரண்டு உண்டு. உரிமம் இன்றி ஒலிபரப்புதல் குற்றம். மலிவாகக் கிடைக்கும் கைக்கருவிகளை வாங்கி மாணவரிடம் பேசக் கொடுத்தல் ஆகாது. ஏரியல் கம்பியை மின்சாரக் கம்பிகளுக்கு அருகில் கட்டுதலும், இடி மின்னல் நேரத்தில் தொடுதலும் உயிருக்கு ஆபத்து. துலாவர்ஷ காலத்து மாலை நேரங்களில் இடி மிகும் கேரளக் கடற்கரையில், வெளிப் பயிற்சிகளை முற்பகலிலேயே முடித்துவிடுதல் நலம்.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் செய்ய வேண்டுவது பெரிதன்று. ஒரு பருவத்துக்கு ஐந்து சனிக்கிழமைகளும், ஈயம் பற்ற வைக்கத் தெரிந்த ஒரு கையும், அண்மையில் உள்ள அமெச்சூர் ஒருவரின் நட்பும் இருந்தால் தொடங்கிவிடலாம். அரசினர் செய்ய வேண்டுவதும் ஒன்று உண்டு. பரீட்சையையும் உரிமத்தையும் காலந்தாழ்த்தாமல் மாணவர்க்குக் கிடைக்கச் செய்தல் வேண்டும். பள்ளியை விட்டு நீங்கிய பிறகு வந்து சேரும் உரிமம், பசி அடங்கிய பின் பரிமாறிய உணவாகிவிடும்.

தோப்பும்படியிலிருந்து இன்றும் படகுகள் புறப்படுகின்றன. அவற்றில் செல்வோரின் பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளிகளிலும் குமரிக் கடற்கரைப் பள்ளிகளிலும் பயில்கின்றனர். அவர்கள் அனைவரும் அமெச்சூர்கள் ஆகவேண்டும் என்பதில்லை. குரல் எங்கு வரை எட்டும், எங்கு எட்டாது என்பதை அவர்கள் தம் கையால் அளந்து அறிதல் வேண்டும். அறிந்தவர், எட்டாத இடத்துக்குச் செல்வோரிடம் அதனைச் சொல்லாமல் இருக்க மாட்டார்.